சிலிகா ஜெல் ப்ரீதர் ஒன்பதே நாளில் பச்சையாகிவிடுகிறது. தப்பு எங்கே?

இரண்டாம்_ஷிப்ட்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிரஸ்ஸின் ஹைட்ராலிக் பவர் பேக் என் பொறுப்பில் இருக்கிறது. டேங்க் 600 லிட்டர், ஆயில் 46 கிரேடு மினரல், பம்ப் நிமிடத்துக்கு 80 லிட்டர். சிலிண்டர் ஒன்றுதான்: போர் (உள்விட்டம்) 125, ராட் (தண்டின் விட்டம்) 90, ஸ்ட்ரோக் (தண்டு நகரும் தூரம்) 400 மி.மீ. இரண்டு நிமிடத்துக்கு ஒரு சைக்கிள் வரும். இரண்டு ஷிப்ட் ஓடும், இரவு எட்டு மணி நேரம் நிற்கும்.

இதுவரை டேங்க் மேலே இருந்தது சாதாரண ஃபில்லர் மூடி. உள்ளே 40 மைக்ரான் கம்பி வலை. போன மாதம் கழற்றிப் பார்த்தேன், வலையின் ஓரம் கிழிந்து என் சுண்டுவிரல் உள்ளே போகிறது. எத்தனை வருஷம் அப்படியே இருந்ததோ தெரியாது. ஆறு மாதத்தில் இரண்டு தடவை ப்ரொபோர்ஷனல் வால்வு ஸ்பூல் (ஆயில் போக்கைக் கட்டுப்படுத்த வால்வுக்குள் நகரும் உருளை) ஒட்டிக்கொண்டு பிரஸ் நின்றது. இரண்டு தடவையும் வால்வைத்தான் திட்டினோம். பிறகு ஆயில் சாம்பிள் அனுப்பியதில் ஐஎஸ்ஓ 4406 எண் (ஆயிலில் எவ்வளவு துகள் என்று காட்டும் சுத்த எண், குறைந்தால் நல்லது) 21/19/16 என்று வந்தது.

மூடியை எடுத்துவிட்டு சிலிகா ஜெல் ப்ரீதர், அதாவது டேங்க் இழுக்கும் காற்றின் தூசியையும் ஈரத்தையும் பிடிக்கும் டப்பா, போடலாம் என்று நான்தான் சொன்னேன். 3 மைக்ரான் ஃபில்டர், ஒரு கிலோ ஜெல், ஆரஞ்சு நிறம். ஈரம் ஏறினால் பச்சையாகும். மாட்டிய ஒன்பதாம் நாள் முழுக்கப் பச்சை. பழுதான சரக்கோ என்று இரண்டாவது மாட்டினேன். அதுவும் மேலிருந்து மெல்ல இறங்கிவந்து பத்தாம் நாள் பச்சை. இப்போது மூன்றாவது மாட்டியிருக்கிறேன், நான்கு நாள் ஆகிறது, மேலே மூன்று விரல் அளவு நிறம் மாறிவிட்டது.

சூபர்வைசர் தினமும் அந்தப் பக்கம் வந்து ப்ரீதரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். ஒன்றும் பேசுவதில்லை. அவர் பேசினாலாவது பரவாயில்லை.

இவ்வளவு சீக்கிரம் தீர்வது சகஜமா? பெரிய ப்ரீதர் வாங்க வேண்டுமா? இல்லை, பழைய மூடியைப் புது வலையோடு போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளட்டுமா?


கணக்குநோட்டு:

நண்பரே, சிலிண்டர் அளவையும் சைக்கிளையும் கொடுத்தது நல்லதாயிற்று. பெரும்பாலானவர்கள் டேங்க் கொள்ளளவை மட்டும் சொல்லி ப்ரீதர் அளவு கேட்பார்கள். ஆயில் மட்டம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதுதான் முக்கியம். 6,000 லிட்டர் டேங்காக இருந்தாலும் மட்டம் அசையவில்லை என்றால் அது மூச்சு விடுவது மிகக் குறைவு, இரவு பகல் சூட்டு வித்தியாசத்துக்கு மட்டும்தான்.

உங்கள் சிலிண்டரில் ராட் வெளியே போகும்போது, பின்பக்கம் நிரம்பும் ஆயிலுக்கும் முன்பக்கத்திலிருந்து திரும்பும் ஆயிலுக்கும் உள்ள வித்தியாசம் ராடின் கன அளவுதான். 90 மி.மீ. ராடின் குறுக்குப் பரப்பு 63.6 சதுர செ.மீ. அதை 40 செ.மீ. ஸ்ட்ரோக்கால் பெருக்கினால் சுமார் 2.5 லிட்டர். ஒவ்வொரு சைக்கிளிலும் டேங்க் 2.5 லிட்டர் வெளிக்காற்றை இழுத்து, அதே அளவை வெளியே விடுகிறது. மணிக்கு 30 சைக்கிள், 16 மணி நேரம் என்றால் நாளைக்கு 1,200 லிட்டர், அதாவது 1.2 கன மீட்டர்.

30 டிகிரி செல்சியஸ், 80 சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அப்படியானால் நாளைக்கு 29 கிராம் தண்ணீர் உங்கள் ப்ரீதர் வாசலுக்கு வருகிறது. சிலிகா ஜெல் நல்ல ஈரக்காற்றில் தன் எடையில் 40 சதவீதம் வரை பிடிக்கும் என்று அட்டவணையில் இருக்கும். நடைமுறைக்கு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு கிலோவுக்கு 300 கிராம். 300 வகுத்தல் 29, பத்து நாள்.

உங்கள் ஒன்பது நாளும் என் பத்து நாளும் பொருந்திவிட்டன. ப்ரீதரில் கோளாறு இல்லை, அளவு போதவில்லை. ஜெல் மூன்று நான்கு கிலோ பிடிக்கும் வகையைப் பாருங்கள்.

காற்று வேகத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். பலர் பம்ப் 80 லிட்டர் என்றால் ப்ரீதரும் 80 போதும் என்று நினைக்கிறார்கள். ராட் உள்ளே வரும்போது முன்பக்கத்துக்கு 80 லிட்டர் போனால் பின்பக்கத்திலிருந்து 166 லிட்டர் திரும்பும். டேங்குக்குள் நிகரமாக 86 லிட்டர் சேர்கிறது. அந்த நேரத்தில் நிமிடத்துக்கு 86 லிட்டர் காற்று வெளியேற வழி வேண்டும். கொஞ்சம் தாராளமாகவே எடுங்கள், ஃபில்டர் அடைக்க அடைக்க வழி குறுகும்.


பழையமூடி:

22 வருஷமா வலை மூடிதான். வருஷத்துக்கு ஒருதடவை ஆயில் மாத்தறோம், வேலை ஓடுது. கலர் மாறுதா மாறலையான்னு வேடிக்கை பார்க்க நம்மகிட்ட ஏது ஆள்?


கணக்குநோட்டு:

வேலை ஓடும்தான். அதே பேரிங் எத்தனை நாள் ஓடியிருக்கும் என்பதுதான் கேள்வி. கான்ட்லி 1977ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. ஆயிலில் தண்ணீர் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) இருக்கும்போது பேரிங் ஆயுள் ஒரு பங்கு என்றால், 400 பிபிஎம் ஆனதும் அது பாதிக்கும் கீழே போய்விடும் என்பது அவருடைய சூத்திரம். 400 பிபிஎம் கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். ஆயில் பளிச்சென்று இருக்கும், லெவல் கேஜில் பார்த்து நல்ல ஆயில் என்றுதான் சொல்வோம்.


பழையமூடி:

சரி சாமி.


கிரீஸ்_தாத்தா:

கணக்குநோட்டு தம்பி போட்ட கணக்கு ஒண்ணும் தப்பில்ல. ஆனா கேள்வி கேட்ட தம்பி நடுவுல போற போக்குல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டாரு, யாரும் அதைப் பிடிக்கல. "மேலிருந்து மெல்ல இறங்கிவந்து"ன்னு எழுதியிருக்காரு. மேலிருந்து! அங்கேயே நின்னுருக்கணும்.

உங்க ப்ரீதர் எந்த மாதிரின்னு படம் போடல. ஆனா இந்த ஊடுருவித் தெரியற டப்பா வகையில அனேகமா வெளிக்காத்து அடியில இருக்கற ஓட்டை வழியாத்தான் உள்ள வரும். அடியில பஞ்சு, ஃபில்டர், அப்புறம் ஜெல். காத்து ஜெல்லுக்குள்ள கீழேருந்து மேல ஏறி, மேல இன்னொரு ஃபில்டரைத் தாண்டி, நடுக்குழாய் வழியா டேங்குக்கு இறங்கும். வெளி ஈரத்தை முதல்ல சந்திக்கறது அடி ஜெல். அதனால அடிதான் முதல்ல நிறம் மாறணும். தரையிலேருந்து ஈரம் சுவத்துல ஏறற மாதிரி கோடு மேல மேல ஏறும். நாள் எண்ணி அந்தக் கோட்டைப் பார்த்தாலே அடுத்தது எப்ப மாத்தணும்னு தெரிஞ்சிடும்.

மேல இருக்கற ஜெல் முதல்ல மாறுதுன்னா, அது சந்திக்கற ஈரக்காத்து டேங்குக்குள்ளேருந்து வருது. ராட் உள்ள வரும்போது டேங்க் மூச்சை வெளிய விடுதே, அந்த மூச்சுல ஈரம். உங்க டேங்குக்குள்ள தண்ணி இருக்கு தம்பி. ப்ரீதர் தன் வேலையைச் சரியாத்தான் செய்யுது. நீங்க அதை வாசல் காவலுக்கு வெச்சீங்க, அது வீட்டுக்குள்ள ஒருத்தன் இருக்கான்னு காட்டுது.

நாலு கிலோ ப்ரீதர் வாங்கினா ஒன்பது நாள் முப்பத்தாறு நாளாகும். தண்ணி அப்படியே இருக்கும்.

இதை நான் புத்தகத்துல படிச்சு சொல்லல. ஒரு ஆலையில கியர்பாக்ஸ் மேல மாட்டின ப்ரீதரை ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு மாத்திட்டு இருந்தேன். ஸ்டோர்ல இருந்து நானே கையெழுத்துப் போட்டு வாங்கி, நானே மாத்தி, பழசைக் குப்பையில போடுவேன். மேலேருந்துதான் மாறுச்சு. பார்த்தேன், ஆனா பார்க்கல. வாராவாரம் சுத்தம் பண்றேன்னு ஒருத்தர் பிரஷர் ஹோஸ் எடுத்து கியர்பாக்ஸ் மேலயும் ஷாஃப்ட் சீல் மேலயும் நேரா அடிச்சிட்டு இருந்திருக்காரு. பதினாலாவது ப்ரீதர் மாத்தின மாசம் பேரிங் போச்சு. கழட்டினா உள்வளையத்துல, ரோலர் நிக்கற இடைவெளிக்கு இடைவெளி கோடு கோடா துரு. மெஷின் நிக்கும்போது தண்ணி அங்க தங்கியிருக்கு. பதினாலு தடவை ப்ரீதர் சொன்னதைக் கேக்காம விட்டவன் நான், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. காலையில மெஷின் ஓட்டறதுக்கு முன்னாடி போங்க. ராத்திரி எட்டு மணி நேரம் நின்ன டேங்க், தண்ணி இருந்தா அடியில இறங்கியிருக்கும். ட்ரெயின் காக்கை மெதுவா, கொஞ்சமா திறந்து கண்ணாடி பாட்டில்ல பிடிங்க. வேகமா திறந்தா ஆயில் சுழிச்சுக்கிட்டு வந்து தண்ணியை விட்டுடும். அப்புறம் மேன்ஹோல் மூடியைக் கழட்டி உள்பக்கத்தைத் தடவிப் பாருங்க. ராத்திரி ஆயில் ஆறும்போது மேல இருக்கற காத்துல உள்ள ஈரம் அந்தத் தகட்டுலதான் வேர்க்கும். அங்க துரு இருந்தா இது நேத்து வந்த சங்கதி இல்ல.

சாம்பிள் ஆயில்ல ரெண்டு சொட்டு எடுத்து 160 டிகிரி சூடான தகட்டுல விடுங்க. பொரிஞ்சா தண்ணி இருக்கு. கண்ணாடி போட்டுக்கோங்க, தெறிக்கும். பொரியலைன்னா தண்ணியே இல்லைன்னு அர்த்தமில்ல, ஏறக்குறைய 500 பிபிஎம்முக்கு மேல போனாத்தான் பொரியும். அதுக்குக் கீழ தெரியணும்னா லேப்ல கார்ல் ஃபிஷர் சோதனைதான்.

தண்ணி எங்கேருந்து வருதுன்னு அப்புறம் தேடலாம். கூலர் தண்ணிக் கூலரா? மேன்ஹோல் கேஸ்கெட் ஒழுங்கா இருக்கா? டேங்கை யாராவது கழுவறாங்களா? புது ஆயில் டிரம்மை வெளியில நட்டக்குத்தலா நிறுத்தி வெக்கறாங்களா? டிரம்மும் மூச்சு விடும் தம்பி, அது நிறைய பேருக்குத் தெரியாது. மேல விளிம்புக்குள்ள மழைத்தண்ணி தேங்கி நிக்கும், ராத்திரி டிரம் ஆறும்போது மூடி மறை வழியா அந்தத் தண்ணியை உறிஞ்சிக்கும். படுக்கப் போட்டு, ரெண்டு மூடியும் கிடைமட்டமா, உள்ள ஆயில் மட்டத்துக்குக் கீழ இருக்கற மாதிரி வெக்கணும். புது ஆயில்தானேன்னு ஊத்தறதுலயே பாதி தண்ணி வரும்.


இரண்டாம்_ஷிப்ட்:

ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு இன்று காலை ஒரு மணி நேரம் முன்னதாகவே போனேன்.

ட்ரெயின் காக்கில் முதலில் வந்தது தண்ணீர். ஆயில் இல்லை, தண்ணீர். அரை டம்ளருக்குக் கொஞ்சம் கூட. அதற்குப் பிறகு பால் கலந்தது போல ஒரு வாய், அதன் பின் ஆயில். மேன்ஹோல் மூடியின் உள்பக்கம் முழுக்கச் செம்புள்ளிகள், விரலில் ஒட்டியது. தகட்டில் விட்ட சொட்டு பொரிந்தது. ஒரு பாட்டில் லேபுக்குப் போயிருக்கிறது.

டிரம் எல்லாம் கூரைக்குள் படுக்கையாகத்தான் இருக்கிறது. யாரும் கழுவுவதில்லை. கூலர் தண்ணீர்க் கூலர்தான், ஷெல் அண்ட் ட்யூப் (ஒரு உருளைக்குள் ட்யூப் கட்டு, ஆயிலையும் தண்ணீரையும் பிரிப்பது ட்யூப் சுவர்தான்). தனி சர்க்குலேஷன் பம்ப் ஆயிலை அதன் வழியாகச் சுற்றவிடுகிறது. ஆனால் ஐயா, இதில் ஒரு குழப்பம். கூலரில் ஆயில் பக்கம் 4 பார் காட்டுகிறது, தண்ணீர்ப் பக்கம் 2.5 பார்தான். ட்யூப் ஓட்டையாக இருந்தால் ஆயில்தானே தண்ணீருக்குள் போக வேண்டும்? தண்ணீர் எப்படி எதிர்த்து வரும்?


கிரீஸ்_தாத்தா:

பகல்ல வராது. ராத்திரி?

பிரஸ் நிக்கும்போது சர்க்குலேஷன் பம்பும் நிக்கும். ஆயில் பக்கம் அழுத்தம் பூஜ்யம். கூலிங் டவர் பம்பை யாராவது நிறுத்தறாங்களா? வேற மெஷினுக்கும் அதே தண்ணிதான் போகுதுன்னா நிறுத்த மாட்டாங்க. எட்டு மணி நேரம் அங்க 2.5 பார், இங்க ஒண்ணுமில்ல.

கூலிங் டவர் அடித்தொட்டியில போய்ப் பாருங்க, தண்ணி மேல எண்ணெய்ப் படலம் மினுமினுக்குதான்னு. இருந்தா பகல்ல ஆயில் அந்தப் பக்கம் போகுது, ராத்திரி தண்ணி இந்தப் பக்கம் வருது.

சந்தேகம் தீர ஒரே வழி: இன்னிக்கு ஷிப்ட் முடிஞ்சதும் கூலரோட ஆயில் லைன் ரெண்டு வால்வையும் அடைச்சிட்டு, கூலர் அடியில ஆயில் பக்கத்து ட்ரெயின் ப்ளக்கைக் கழட்டி உள்ள இருக்கற ஆயிலை வடிச்சிடுங்க. கீழ சுத்தமான தட்டு வெச்சிட்டு, தண்ணியைத் திறந்தபடியே விட்டுட்டு வீட்டுக்குப் போங்க. காலையில தட்டைப் பாருங்க. திரும்ப ஆயில் நிரப்பாம மட்டும் சர்க்குலேஷன் பம்பை ஓட்டிடாதீங்க.


டிரான்ஸ்ஃபார்மர்_யார்டு:

இந்த உரையாடலைப் படிக்கும்போது எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஹைட்ராலிக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசும் இந்தச் சிலிகா ஜெல் ப்ரீதர், டிரான்ஸ்ஃபார்மர் கன்சர்வேட்டரில் (ஆயில் விரிந்து சுருங்க இடம் தரும் மேல் டேங்க்) காலங்காலமாகத் தொங்குகிறது. லோடு ஏறினால் ஆயில் விரியும், இறங்கினால் சுருங்கும், காற்று உள்ளே வெளியே போய்வரும். எங்கள் ப்ரீதரின் அடியில் ஒரு சின்ன ஆயில் கப் இருக்கும். காற்று அந்த ஆயிலுக்குள் குமிழியிட்டுத்தான் ஜெல்லுக்குப் போக வேண்டும். தூசியை அது பிடிப்பது ஒரு பக்கம். டிரான்ஸ்ஃபார்மர் மூச்சு விடாத நேரத்தில் வெளிக்காற்று சும்மா வந்து ஜெல்லை ஈரமாக்காமல் அந்த ஆயில் மறித்து நிற்பதுதான் பெரிய உபகாரம். ஹைட்ராலிக் ப்ரீதரில் அந்த வேலையைச் சின்ன செக் வால்வுகள் (ஒரு திசையில் மட்டும் திறப்பவை) செய்யும். எப்போதோ ஒருமுறை மூச்சு விடும் கியர்பாக்ஸுக்கு அந்த வகைதான் லாயக்கு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு விடும் பிரஸ்ஸுக்கு அதில் பெரிய லாபம் இல்லை.

மேலிருந்து நிறம் மாறினால் உள்ளே ஈரம் என்பது எங்களிடமும் உண்டு. அப்படி மாறினால் முதலில் ப்ரீதர் சீல், கப்பில் ஆயில் மட்டம், பைப் ஜாயிண்ட் இவற்றைத்தான் பார்ப்போம். ப்ரீதருக்கு மேலே எங்காவது கசிந்தால் காற்று ஜெல்லைத் தொடாமலே உள்ளே போய்விடும். இரண்டாம்_ஷிப்ட் நண்பரும் டேங்கின் மற்ற ஓட்டைகளைப் பார்த்துவிடலாம்: டிப்ஸ்டிக் துளை, கேபிள் நுழையும் இடம், ரிட்டர்ன் பைப் மூடியைத் துளைக்கும் இடம். ப்ரீதர் மாட்டிய பிறகு டேங்குக்கு ஒரே மூக்குதான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. நீலம் மாறி இளஞ்சிவப்பாகும் பழைய ஜெல் எங்காவது மிச்சம் இருந்தால் கையுறை போட்டுத் தொடுங்கள், தூளை மூச்சில் இழுக்காதீர்கள். அந்த நிறம் கோபால்ட் குளோரைடால் வருவது. ஐரோப்பிய ஒன்றியம் 2008ல் அதை மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது, புற்றுநோய் உண்டாக்கும் என்பதால். ஆரஞ்சு பச்சை வகை பரவலானதற்கு அதுவும் ஒரு காரணம்.


இரண்டாம்_ஷிப்ட்:

தட்டில் தண்ணீர். அளந்தேன், 80 மி.லி. கூலிங் டவர் தொட்டியின் ஒரு மூலையில் எண்ணெய்ப் படலமும் இருக்கிறது. நான் தினமும் அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் போகிறேன்.

600 லிட்டர் ஆயில் எடைக்கு 520 கிலோ சொச்சம். ஒரு இரவுக்கு 80 கிராம் என்றால் 150 பிபிஎம். லேப் முடிவும் வந்துவிட்டது: 640 பிபிஎம். அடியில் தங்கியது அதில் சேராது.

சூபர்வைசரைக் கூப்பிட்டு அந்தத் தட்டைக் காட்டினேன். குனிந்து பார்த்தார், விரலால் தொட்டார், "கூலரைக் கழட்டு" என்றார். ஒரு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.


கணக்குநோட்டு:

என் பத்து நாள் கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தியதால்தான் நான் மேலே யோசிக்கவில்லை. உள்ளே வரும் ஈரத்தை மட்டும் கணக்குப் போட்டேன், வெளியே போகும் மூச்சை விட்டுவிட்டேன். டேங்க் உள்ளே உலர்ந்திருந்தால் வெளியேறும் காற்று சூடாகவும் காய்ந்ததாகவும் இருக்கும், போகிற போக்கில் ஜெல்லிலிருந்து கொஞ்சம் ஈரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகும். ஆக நல்ல டேங்கில் ஒரு கிலோ ஜெல் பத்து நாளுக்கு மேல் தாங்க வேண்டும். கூலரைச் சரிசெய்த பிறகு எத்தனை நாள் வருகிறது என்று மறக்காமல் எழுதுங்கள்.


மூடிபோட்டவன்:

தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே, ஆனாலும் ப்ரீதர் வாங்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். புது ப்ரீதர் வரும்போது காற்றுத் துளைகளைச் சின்ன ப்ளாஸ்டிக் அடைப்பான்கள் மூடியிருக்கும், வழியில் ஜெல் ஈரமாகாமல் இருக்க. நான் அவற்றை எடுக்காமல் அப்படியே மாட்டிவிட்டேன். பம்ப் அலறியது, சரளைக்கல்லை அரைப்பதுபோல் ஒரு சத்தம். டேங்குக்குக் காற்று கிடைக்கவில்லை, உள்ளே வெற்றிடம், பம்புக்கு ஆயில் ஏறவில்லை. தகடு மெல்லிய டேங்க் என்பதால் மேல்மூடி தட்டுபோலக் குழிந்துவிட்டது. இன்றுவரை அப்படியே இருக்கிறது, அதில் தூசி தேங்கும். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் என் புத்திசாலித்தனம் நினைவுக்கு வரும்.


கிரீஸ்_தாத்தா:

அந்தக் குழியில மழைத்தண்ணி நிக்காம பார்த்துக்கோங்க.


இரண்டாம்_ஷிப்ட்:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கூலரில் இரண்டு ட்யூப் ஓட்டை. ஒன்று தடுப்புத் தகட்டில் உரசி உரசித் தேய்ந்தது, மற்றதில் குண்டூசி முனை அளவு அரிப்பு. இரண்டையும் இரண்டு முனையிலும் அடைத்துவிட்டு, அழுத்தம் கொடுத்துச் சோதித்து மாட்டினோம். புது ட்யூப் கட்டுக்குச் சொல்லியிருக்கிறது. அதுவரை, பிரஸ் நிற்கும்போது தண்ணீர் வால்வையும் அடைத்துவிட வேண்டும் என்று ஷிப்ட் நோட்டில் எழுதிவிட்டேன். யாராவது மறந்தால் என்ன ஆகும் என்று இங்கே படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டுமே என்று வால்வுக்கு ஒரு அட்டையும் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஆயிலைக் கொட்டவில்லை. மூன்று நாள் காலையில் அடித்தண்ணீரை வடித்தேன். பிறகு தண்ணீர் உறிஞ்சும் எலிமென்ட் போட்ட ஃபில்டர் வண்டியை ஒரு வாரம் பக்கத்தில் நிறுத்தி ஓட்டினோம். இரண்டு எலிமென்ட் தீர்ந்தது. கடைசி சாம்பிளில் தண்ணீர் 140 பிபிஎம், சுத்த எண் 18/16/13. ஒரு எண் குறைந்தால் துகள் பாதியாகும், அப்படிப் பார்த்தால் மூன்று இடத்திலும் எட்டில் ஒரு பங்கு. இது ப்ரீதரால் மட்டும் வந்ததல்ல, ஃபில்டர் வண்டிக்குத்தான் பாதிப் பெருமை. ஆனால் வண்டியை எடுத்து மூன்று வாரம் ஆகியும் எண் ஏறவில்லை. பழைய கிழிந்த வலையோடு இருந்திருந்தால் ஏறியிருக்கும்.

கணக்குநோட்டு கேட்டது: இப்போது மாட்டியிருப்பது அதே ஒரு கிலோ வகை. இன்றோடு 23 நாள். அடியில் இரண்டு விரல் அளவு பச்சை, மேலே எல்லாம் ஆரஞ்சு. கோடு கீழிருந்து ஏறுகிறது. டப்பாவில் மார்க்கர் பேனாவால் தேதி போட்டுக் கோடு கிழித்துவருகிறேன். சூபர்வைசர் போகும்போது அந்தக் கோடுகளை நின்று பார்க்கிறார்.

கடைசியாக ஒரு சந்தேகம். முதலில் பச்சையான இரண்டு ப்ரீதரையும் எறியாமல் வைத்திருக்கிறேன். ஜெல்லைக் கொட்டி ஓவனில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாமா?


டிரான்ஸ்ஃபார்மர்_யார்டு:

ஜெல்லை எடுத்து மாற்றும் வகை ப்ரீதர் என்றால் ஆலை ஓவனில் அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி 110 முதல் 120 டிகிரிக்குள், நிறம் திரும்பும் வரை. ஆரஞ்சு வகைக்கு அதற்கு மேல் போனால் நிறம் காட்டும் பொருள் கருகிவிடும். ஜெல் ஈரம் பிடிக்கும், ஆனால் மாறியது தெரியாது. சீல் வைத்து வந்த ப்ளாஸ்டிக் டப்பாவை அப்படியே ஓவனில் வைக்காதீர்கள், உள்ளே ஃபில்டர் தாங்காது.


கிரீஸ்_தாத்தா:

அதுக்கு முன்னாடி ரெண்டு ஜெல் மணியை எடுத்து வெள்ளைத் துணியில தேய்ச்சுப் பாருங்க. பிசுபிசுன்னு ஒட்டினா, இல்ல பழுப்பேறியிருந்தா, ஆயில் ஆவி மேல படிஞ்சிருக்கு. அந்த ஜெல்லை எவ்வளவு சூடாக்கினாலும் துவாரம் திறக்காது, தூக்கிப் போட்டுடுங்க. உங்களோடது தண்ணி மட்டும் குடிச்சதுன்னா காஞ்சிடும். சீல் வெச்ச டப்பான்னா வம்பு வேணாம். ஒண்ணை மட்டும் அப்படியே, பச்சையாவே, ஷிப்ட் மேஜை மேல வெச்சிடுங்க. புதுசா வர்ற பையன் எது மேல, எது கீழன்னு கேப்பான், அப்ப காட்டலாம்.